அப்பாவை மேட்டில் குடிவைப்பது பற்றி

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் சுகம். நீயும் மாப்பிள்ளை கிளாட்சனும் பேரன் எல்வினும் அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், அப்பா கல்லறை என்று வாயெடுத்தாலே அவரை நிம்மதியா விடும்மா என்று நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். அழுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டு அழு.

நம் ஊர் வடிகால் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி வளைந்து போகிறதே, மழைத்தண்ணீர் கடலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. காட்டாமணக்கு மண்டி, இரண்டு பக்கமும் கரையை ஆளாளுக்குத் தின்று, இப்போது ஒரு எருமை படுத்தால் அடைத்துக்கொள்ளும். கடல் ஏறும் நாளில் தண்ணீர் எதிர்த்து வந்து தெருவில் நிற்கிறது, போன மழையில் அடுப்பைக் கட்டில் மேல் வைத்துச் சமைத்தேன். இதைச் சரிசெய்யத் திருச்சியிலிருந்து அனிட்டா என்று ஒரு பெண் வருகிறாள், தண்ணீருக்கும் செடிகொடிக்கும் இடம் ஒதுக்கி வரைபடம் போடுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம். வடிகாலை அகலமாக்கி, செங்குத்துக் கரையைச் சரிவாகச் சீவி, நாணலும் தாழையும் பூவரசும் வைக்க வேண்டுமாம். கல்லறைத் தோட்டத்தின் தாழ்ந்த பாதியை வெள்ளம் வந்து தங்கிப்போகிற பள்ளமாக விட்டுவிட்டு, வெட்டின மண்ணைக் கோயில் பக்கம் மேடாகக் கொட்டி, கீழ்வரிசைக் கல்லறைகளை அந்த மேட்டுக்கு மாற்ற வேண்டுமாம். விராலும் கொக்கும் திரும்பி வரும் என்றாள். கொக்குக்கு இடம் விடுறதுக்கு என் வீட்டுக்காரரை எழுப்பணுமாடி என்று கேட்டேன். தாத்தா இப்பவும் தண்ணியிலதானே பாட்டி இருக்காங்க என்றாள், சிரிக்காமல். வாய்க்கொழுப்பு, ஆனால் பொய் இல்லை.

கீழ்வரிசைக்காரர்கள் எல்லாரும் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று, இரண்டு வீட்டைத் தவிர. ஒன்று நான், இன்னொன்று எதிர்வீட்டு ஆரோக்கியம். அவள் புருஷன் பெரியநாயகசாமி செய்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. வடிகால் கரையைத் தன் கொல்லையோடு வளைத்துத் தென்னங்கன்று வைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் நம் சம்பா அழுகின வருடம், மழை பேஞ்சா நான் என்ன பண்றதுன்னு பல் குத்திக்கொண்டு நின்றவன். அதற்கப்புறமும் உன் கல்யாணத்துக்கு வந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். உன் அப்பா சாகிறவரை அவனோடு பேசவில்லை. ஆண்டவர் சித்தமோ குழி வெட்டினவன் சோம்பலோ, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள், புது மேட்டிலும் அதே வரிசைதான் என்கிறார் பங்குச் சாமியார். அவ போடட்டும் அப்புறம் நான் போடுறேன் என்றேன், அவளும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். சாமியார் ஞாயிறு தவறாமல் மன்னிப்பைப் பற்றியே பிரசங்கம் வைத்தார், நாங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

கல்லறைத் திருநாளன்று முழங்கால் தண்ணீர். சாமியார் படிக்கட்டில் நின்றபடியே தீர்த்தம் தெளித்தார், வெள்ளத்துக்கே தண்ணீர் தெளித்த மனுஷரை அன்றுதான் பார்த்தேன். சிலுவைகள்தான் கஜா புயலிலேயே ஒடிந்துவிட்டனவே, கலங்கலில் காலால் தடவித்தான் கல்லைக் கண்டுபிடித்தேன். மிதந்துவிடாமல் மாலையில் செங்கல் கட்டி இறக்கிவிட்டு, உன் அப்பாவை நினைத்து வாய்விட்டு அழுதேன், ஊரே திரும்பிப் பார்த்தது. தண்ணீர் வடிந்த பிறகு போனால், என் மாலை பெரியநாயகசாமி மேல் கிடக்கிறது. அப்பாவுக்கு நீ போட்ட வழவழப்பான கருங்கல்லைப் பார்த்து அவர்களும் அதே கல்லைப் போட்டார்களே, என் காலுக்கு என்ன தெரியும்? எந்த வீட்டு மாடு எந்த வருடம் கன்று போட்டது என்று சொல்கிற எனக்கு இது தேவைதான்.

அதற்குள் ஆரோக்கியம் சாமியாரிடம் போய், எங்க வீட்டுக்காரருக்காக அந்த அக்காவே அப்படி அழுதிருக்கு, எனக்கு என்ன வீம்பு வேண்டிக்கிடக்குன்னு கையெழுத்துப் போட்டுவிட்டாள். சாமியார் பூசையில் என் நல்ல மனசைப் புகழ்ந்தார், அனிட்டா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். செய்யாத நல்லதுக்குப் பேர் வாங்குவது திருட்டுப்பட்டம் வாங்குவதைவிட மோசம். பொறுக்காமல் நேரே அவள் வீட்டுக்குள் போய், இந்தா ஆரோக்கியம், நான் அழுதது உன் ஆளுக்கு இல்ல, இடம் மாறிப்போச்சுன்னு சொன்னேன். அவள் வாழைப்பூவை ஆய்ந்தபடி நிமிரக்கூட இல்லை. தெரியும்க்கா, உப்புத் தூக்கல்னா சோத்துத் தட்டைத் தள்ளுவீங்களே, இனிமே யாரு தள்ளுவான்னு ஒப்பாரி வச்சீங்கள்ல, அப்பவே தெரியும், எங்க ஆளு கல்லைப் போட்டாலும் திம்பாரு என்றாள். பின்னே ஏன்டி கையெழுத்துப் போட்டே என்றேன். போன மழையில மருமக கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு விடியிறவரைக்கும் தண்ணியில நின்னுச்சுக்கா, ஆனா நான் முதல்ல போட்டா நீங்க ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க, எனக்கு ஒரு சாக்கு வேணும்ல என்றாள்.

சிரித்துத்தான் இருப்பேன். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்று சொல்லிவிட்டு, நேரே போய் என் கையெழுத்தைப் போட்டேன். என்னை வைத்தே காரியத்தைச் சாதித்துக்கொண்டாளே, அதையும் மனசில் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி உன் கையெழுத்துதான் பாக்கி, பிள்ளைகள் சம்மதமும் வேண்டுமாம், காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். தை அறுவடை முடிந்ததும் வெட்டினால்தான் அடுத்த மழைக்குள் கரையில் நாணல் வேர் பிடிக்கும் என்கிறாள் அனிட்டா. அப்பாவை நிம்மதியா விடும்மா என்கிறாயே, தலையில் நாலு தூறல் விழுந்தாலே துவட்டிவிட ஆள் தேடுகிற மனுஷர் அவர், வருஷா வருஷம் ஐப்பசியில் ஊறிக்கொண்டிருக்கிறார். அது நிம்மதியா? பக்கத்தில் அவன் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, பேசாமல் கிடப்பதற்கு மேட்டில் தாராளமாக இடம் இருக்கிறது.

ஜெபம் சொல்லாவிட்டாலும் எல்வினுக்குக் காதை மூடிவிடு, மாதா உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்வாள். மண்புழு மாதிரி கிறுக்காமல் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. ஆரோக்கியம் போன் பண்ணி, உங்கம்மா எங்களை மன்னிச்சிட்டாங்க என்பாள், நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
செசிலியம்மாள்