என்னோடு பிறந்து, எனக்கு முன்னால் மூப்படைந்தவளுக்கு

ஒரே வயிற்றிலிருந்து எனக்குச் சற்று முன்னால் வெளியே வந்துவிட்டு, அதற்காகவே வாழ்நாள் முழுக்க என்னை ‘அக்கா’ என்று கூப்பிட வைத்த என் அமுதாவுக்கு,

போன வாரம் உன் முதல் வருஷத் திதி நடந்தது. எல்லாம் முறைப்படி முடிந்தது. உன் வீட்டுக்காரர் அழவில்லை. அம்மா, வடை சரியாக வேகவில்லை என்று குறைபட்டுக்கொண்டாள். உன் மகள் தாரணி எல்லோருக்கும் இலை போட்டாள். உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு சேதி இருக்கிறது. நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். நீ பொறுத்துக்கொள்.

பிள்ளையார்பாளையத்தில் நம்மைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. அமுதா செய்த குறும்புக்குக் குமுதா அடி வாங்கினாள். குமுதாவின் மதிப்பெண்ணுக்கு அமுதா பாராட்டு வாங்கினாள். வளர்ந்த பிறகு நீ பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்குப் போனாய். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதும்கூடப் புடவை வாங்க வந்தவர்கள் என்னைத் தெருவில் நிறுத்தி, “நேத்து காட்டின மாம்பழக் கலர் இருக்குதாமா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

தாரணி நடக்கப் பழகிய சமயத்தில் உனக்கு அது ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாய். விரித்துக் காட்டிய புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பதில் உன்னை மிஞ்ச அந்தக் கடையில் ஆள் கிடையாது. ஒருநாள் அந்த மடிப்பு வரவில்லை. “இன்னாடி இது, விரலு என் பேச்ச கேக்க மாட்டேங்குது” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

உன் ரத்தத்தை நானே எடுத்தேன். குழாயில் நிறுத்தி வைத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்ப்போம். வேகமாக இறங்கினால் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். உன்னுடையது மளமளவென்று இறங்கியது. அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. எண்ணை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அடுத்த குழாயை எடுத்தேன். வேலை அப்படிப் பழகிவிடுகிறது.

முடக்குவாதம் என்று டாக்டரம்மா சொன்னார். நமக்குப் புரியும்படி பொறுமையாகத்தான் விளக்கினார்.

“காயம் பட்டா வீங்குது, சிவக்குது, அப்புறம் ஆறிடுது. அந்த வீக்கம் நல்லதுக்குத்தான். உங்களுக்குக் காயமே இல்லாம அது வந்துக்கினே இருக்குது, அடங்க மாட்டேங்குது. அதனால செல்லுங்க சீக்கிரமா கிழடாயிடுதுமா. அதுங்க செத்துப்போனாகூட பரவால்ல. சாகாம உக்காந்துக்கினு பக்கத்து செல்லையும் கெடுக்குது. மூட்டோட நிக்காது. ரத்தக்குழாய், இதயம், எல்லாத்துக்கும் வயசு கூடிடும்.”

“அப்போ எனக்கு இப்ப இன்னா வயசு, டாக்டர்?” என்று கேட்டாய்.

“அத கரெக்டா சொல்ற டெஸ்ட் இன்னும் வரலமா. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.”

உனக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவது சகஜம் என்று டாக்டரம்மா சொன்னார். எது அதைத் தூண்டிவிடுகிறது என்று முழுதாகத் தெரியவில்லை என்றார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “நல்லவேள, ஒருத்தியோட போச்சு” என்றாய்.

சில வருஷங்கள் போன பிறகு, மாகறல் கோயிலுக்குப் போய் வந்தால் எலும்பு சம்பந்தப்பட்டது எல்லாம் சரியாகும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். “கோயிலுக்கும் போறேன், மாத்திரையும் போடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கட்டும்” என்று நீ கிளம்பினாய். நானும் உன்னோடு வந்தேன். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து உனக்கு இடம் கொடுத்தாள். “பெரியம்மா, நீங்க உக்காருங்க.” பிறகு என்னைக் காட்டி, “உங்க பொண்ணா?” என்று கேட்டாள்.

“ஆமாமா, ஒரே பொண்ணு. இன்னும் கல்யாணம் ஆவல. நல்ல பையன் இருந்தா சொல்லுங்க” என்றாய், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அந்தப் பெண் இறங்கும்வரை தன் சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நீ வீடு வந்து சேரும்வரை சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று உன் கழுத்தையும் கையையும் தலைமுடியையும் முதல்முறையாக ஒரு வெளியாளைப் போலப் பார்த்தேன். அவள் கேட்டதில் தப்பில்லை.

பிறகு நீ மாத்திரையை நிறுத்தினாய். முடி கொட்டுகிறது என்பது உன் காரணம். புடவைக் கடையில் கண்ணாடி முன்னால் நாள் முழுக்க நிற்பவளுக்கு அது சின்னக் காரணம் இல்லைதான். மருந்துக்கடையில் வலி மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, சரியாகிவிட்டது என்று எங்களிடம் சொன்னாய். நாங்களும் நம்பினோம். உன் ரத்தம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு நேராக உன் கடைக்கே வந்து கத்தினேன், நினைவிருக்கிறதா?

“வலிதான் இல்லியே, எதுக்குடி கத்தற?” என்றாய்.

“வலிய மட்டும்தான் நிறுத்தி இருக்கற. உள்ள அது பாட்டுக்கு வேல செஞ்சிக்கினு இருக்குது.”

அன்று மறுபடி ஆரம்பித்த மாத்திரையைக் கடைசிவரை நீ விடவில்லை. அதையும் இங்கே எழுதியாக வேண்டும். யாரும் உன்னைச் சொன்ன பேச்சு கேட்காதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

வலி முட்டிக்கும் இறங்கிய பிறகு எல்லோரும் உன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். படி ஏறும்போது மூச்சு வாங்கியதை நீயும் முட்டியின் கணக்கிலேயே சேர்த்தாய். தை மாத முகூர்த்தக் கூட்டத்தில், ஒரு கல்யாணப் பெண்ணின் தோளில் முந்தானையை விரித்துப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தாய். தண்ணீர் கேட்டாயாம். அது வருவதற்குள் போய்விட்டாய். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இருப்பதுபோல் ரத்தக்குழாய்கள் அடைத்திருந்தன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நமக்கு நாற்பத்து மூன்று முடிந்திருந்தது.

நடுவில் நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாதுமா” என்றார். நான் வேறு என்ன பதிலை எதிர்பார்த்தேன்?

இனி சேதிக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் எனக்கும் காலையில் விரல் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தாரணி கல்லூரிக்குப் போகும் வழியில் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“சித்தி, கைய காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல. மழ ஈரம்.”

“அம்மாவும் மழைன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “இன்னிக்கு நான் காலேஜ் போவல. கிளம்புங்க.”

என் ரத்தத்தை நானே எடுக்க முடியாது. என்னோடு வேலை செய்யும் பெண் எடுத்தாள். குழாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்கும் வந்திருக்கிறது, அக்கா. ஆரம்பம்தான். இப்போதே பிடித்துவிட்டதால் அடக்கி வைக்க முடியும் என்று டாக்டரம்மா சொல்கிறார். உனக்கு அடங்காமல் ஓடிய வருஷங்கள் எனக்கு இல்லை என்கிறார். இதயத்தையும் பார்த்தார்கள், இப்போதைக்குக் குறை ஒன்றும் இல்லை. தாரணிக்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டேன். வலியோ வீக்கமோ இல்லாமல் அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. அவள் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு. நீ போனதிலிருந்து அம்மா என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. உன் வீட்டுக்காரரும் அப்படித்தான். தரையைப் பார்த்தே பேசுகிறார். நோய் வராமல் இருந்திருந்தால் நீ எப்படி இருந்திருப்பாயோ, அப்படி நான் அவர்கள் முன்னால் போய் நிற்கிறேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? தாரணி ஒருத்திதான் பார்க்கிறாள். சில சமயம் சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்காக உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முடி கொட்டினாலும் மாத்திரையை விட மாட்டேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன். அவசரமில்லாமல், வருஷத்துக்கு ஒரு வயது மட்டும் கூடும்படி பார்த்துக்கொள்வேன். ஐம்பதில் அவள் அம்மா எப்படி இருந்திருப்பாள், அறுபதில் எப்படி இருந்திருப்பாள் என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும்.

உன் முகத்தோடு இங்கே இருக்கும்,
தங்கை குமுதா