தன் விருப்பத்தின் பேரில்

மார்ச் 3, திங்கள்

அடி குண்டூசி,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவாய் என்று விட்டுவிட்டேன். ஹாஸ்டலுக்கு நான் போட்ட கடிதங்களை எல்லாம் திருத்தி, "றகரம் உதைக்குதும்மா, இருந்தாலும் பத்துக்கு ஏழு" என்று திருப்பி அனுப்பியவள் நீ. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏழு போட்டாய். உன் கல்லூரிக்கு அந்த மனசு இல்லையடி.

கல்லூரி வாசலில் பஸ் அடித்து நீ போன பிறகு, இந்த வீட்டுக்கு வந்த முதல் தபால் உன் பேருக்குத்தான். கீழ்வீட்டு டெய்லர் தம்பி படித்துச் சொன்னார். ஒரு பாடத்தில் தோல்வியாம். அதனால் உன் சராசரி இறங்கிவிட்டதாம். உன் கல்வி நிலை 'எச்சரிக்கை' என்று போட்டிருக்கிறதாம். அடுத்த பருவத்தில் முன்னேற்றம் காட்டாவிட்டால் நீக்கிவிடுவார்களாம்.

"முன்னேற்றம் காட்டணுமாம்க்கா" என்றார். அதற்கு மேல் படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

உன் பேருக்கு நேரே ஓர் ஆங்கில எழுத்து. பல் உதிர்ந்த சீப்பு மாதிரி இருக்கிறது. அதுதான் தோல்விக்கு அடையாளமாம்.

கல்வி நிலைக்கு இங்கிலீஷில் 'ஸ்டாண்டிங்' என்று பேராம். போன வருஷம் போனில் நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. "என் ஸ்டாண்டிங் போயிடும் போல இருக்கும்மா" என்றாய். நான் என்ன கண்டேன்? சலவைக்கூடத்தில் காலையிலிருந்து நின்றபடியே போர்வை மடிக்கிறவளுக்கு நிற்பது என்றால் நிற்பதுதான். "வகுப்புல நிக்க வெக்கிறாங்களாடி? ராத்திரி காலுக்கு எண்ணெய் தேச்சுக்கோ" என்றேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த எழுத்து உன் பேருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதை எடுக்க வைக்காமல் விட மாட்டேன்.

உன் அம்மா

மார்ச் 19, புதன்

குண்டூசி,

லீவு போட்டுவிட்டு உன் கல்லூரிக்குப் போனேன். பரீட்சைப் பிரிவு ஜன்னலில் ஒரு பையன். மதிப்பெண் மாற்றம் கேட்டு மாணவிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றான்.

"அவளால வர முடியாது தம்பி."

"எல்லாரும் இப்படித்தாம்மா, ஃபெயிலானா அம்மாவை அனுப்பிடுறாங்க. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

உன் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். படித்தான். எழுந்து நின்றான். பாவம், திட்ட வேண்டும் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு, அந்தப் பாடம் நடத்திய மேடம் அறையைக் காட்டினான்.

மேடம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஐம்பத்தெட்டு வாங்கியிருக்கிறாய், ஆனால் தோல்வி. அது எப்படி என்று கேட்டேன். வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு எடுக்கிறார்களோ அதை வைத்துத்தான் கோடு போடுவார்களாம். இந்த முறை எல்லோரும் அள்ளிவிட்டார்களாம், கோடு அறுபதுக்குப் போய்விட்டதாம். மறுநாள் வேலையில் இதைச் சொன்னதற்கு, என்னோடு போர்வையின் மறுமுனை பிடிக்கிற அக்கா, "அப்போ நான் வேகமா மடிச்சா நீ மடிச்சது கசங்கிப்போயிடுமாடி?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மேடம் சொன்ன இன்னொன்றை அக்காவிடம் சொல்லவில்லை. பஸ் அடித்த அன்றைக்கு மத்தியானம் நீ அவரைப் பார்த்தாயாமே. "ரெண்டு மார்க்குதானே மேடம்" என்று கேட்டாயாமே. "ஒருத்திக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்மா" என்றாராம் அவர்.

"அப்புறம் என்ன சொன்னா?"

"சரி மேடம், தேங்க்ஸ்னு சொன்னா. அழக்கூட இல்லீங்க. சிரிச்சுக்கிட்டேதான் போனா."

அவருக்கு அது ஆறுதல். எனக்கு இல்லை. சின்ன வயதில் ஊசி போடும்போதுகூட நீ சிரிப்பாய். வலி தாங்காதபோது சிரிக்கிற பிள்ளை நீ. அந்தச் சிரிப்போடு படியிறங்கி, வாசலைத் தாண்டி, ரோட்டுக்கு வந்திருக்கிறாய். பஸ் டிரைவர் ஸ்டேஷனில் என் காலைத் தொடாத குறையாக அழுதார்: "ஹார்ன் அடிச்சேம்மா. பாப்பா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நின்னுடும்னு நினைச்சேன்."

போலீசில் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா

ஜூலை 8, செவ்வாய்

என் குண்டூசிக்கு,

உன்னை நீக்கிவிட்டார்கள். போன பருவம் ஒரு வகுப்புக்கும் வரவில்லையாம், ஒரு பரீட்சையும் எழுதவில்லையாம். எல்லாப் பாடத்துக்கும் அந்தச் சீப்பு எழுத்து. அக்கறையும் ஒழுங்கும் வந்த பிறகு ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம். டெய்லர் தம்பி காகிதத்தைக் கிழிக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். சான்றிதழ் கொடுத்தேனே என்று கேட்டால், அது வேறு பிரிவு, இது கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது என்று போனில் சொன்னார்கள். நாளை மறுபடி போகிறேன். அக்காவும் கூட வருகிறாள்.

உன் அம்மா

ஜூலை 10, வியாழன்

குண்டூசி,

நேற்று பெரிய அதிகாரியையே பார்த்துவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், தப்பு நடந்துவிட்டது என்று கும்பிட்டார். தோல்வி எதுவும் இல்லாமல் செய்துவிடலாம், ரெண்டு மார்க்கில் போனதுகூட அழிந்துவிடும் என்றார். இதற்காகத்தானே அலைந்தேன்?

ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எல்லாப் பாடத்துக்கும் 'விலகல்' என்று போட்டிருந்தது. கீழே ஒரு வரி. எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: 'மாணவி தன் விருப்பத்தின் பேரில் விலகினார்.' அதன் கீழ் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"செத்துப்போயிட்டான்னு எழுதக் கூடாதா சார்?"

"அதுக்கு எங்க விதியில கட்டம் இல்லம்மா. தேர்ச்சி, தோல்வி, விலகல், நீக்கம். இந்த நாலுதான்."

"அவ விருப்பம்னு நான் எப்படி சார் சொல்றது?"

"சும்மா ஒரு வார்த்தைம்மா அது. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்."

அக்கா என் இடுப்பில் இடித்தாள். "போடுடி. பேரு சுத்தமாயிடும்ல? வார்த்தையில என்ன இருக்கு?"

பேனாவைத் திறந்துவிட்டேன் குண்டூசி. முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன். அப்புறம் ஓடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஏறும்வரை அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தோன்றியது அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

நாளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் நீக்கம் நீக்கமாகவே இருந்துவிடுமாம். கொடுத்தால் உன் பேரில் ஒரு கறையும் இருக்காது. காகிதம் முன்னால்தான் இருக்கிறது, என் பாதிக் கையெழுத்தோடு. மீதியை எழுத எனக்கு நீ ஒன்றே ஒன்று சொன்னால் போதும். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டிரைவரைத் திரும்பிப் பார்த்தாயே, அப்புறமும் காலை எடுத்து வைத்தது உன் விருப்பமாடி?