கடைசிப் பத்து நிமிடம்

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிழி. இங்கே நலம் என்று எழுத வழியில்லை. உன் நலம் அறிய ஆவல் என்பது மட்டும் உண்மை.

முதலில் செய்தி. உன் அம்மா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயிற்று வலியை வாயு, வாயு என்று சொல்லியே நாலு மாதம் ஓட்டியிருக்கிறாள். நானும் ஓமம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குடலில் கட்டி. அடுத்த வியாழன் இல்லை, அதற்கும் அடுத்த வியாழன் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். பிழைத்துவிடுவாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே, பார்ப்போம் என்றார்கள். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து டிரைவர்களின் சாக்குகளைக் கேட்டவன் நான். யார் எதை மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் மெலிந்துவிட்டாள். வளையல்கள் கையில் நிற்கவில்லை, கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவைத்திருக்கிறேன். சாப்பாடு கஞ்சிதான். அதிலும் பாதியை எனக்குத் தள்ளிவிடப் பார்க்கிறாள். வாய் மட்டும் குறையவில்லை. பக்கத்துக் கட்டில் பாட்டியிடம், இவரோட குடும்பம் நடத்தினதுக்கு ஒரு பஸ்ஸோட நடத்தியிருக்கலாம், அதுவாவது நேரத்துக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கும் என்று சொல்லி அந்தம்மாளைச் சிரிக்கவைத்து, பாட்டிக்குத் தையல் பிரியும் என்று நர்ஸிடம் திட்டு வாங்கினாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே, அது ஒரு டிவி நாடகத்தைப் பற்றியது.

நீ போய் இரண்டு வருடம் கழித்து அம்மா ஒரு தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். தினமும் மாலை ஏழரைக்கு. நான்கு வருடம் ஒரு நாள் விடவில்லை. கதை என்னவென்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. அந்த நேரத்தில் நான் காலாற நடந்துவிட்டு வருவேன். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் நாள், நாடகம் முடியப்போகிறதாம், இன்னும் பதினெட்டு நாள்தான் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டிவி அங்கே நடைவழியில் இருக்கிறது. அவளால் எழுந்து போக முடியாது.

பார்வையாளர் நேரம் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, மாலை ஐந்திலிருந்து ஏழு. நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வர எட்டேகால் ஆகும். அதனால் நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தாயே, அந்த டிவி பதிவுப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். ஏழரைக்குத் தொடங்கு, எட்டுக்கு முடி என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் போவேன். வந்து பார்ப்பேன். மறுநாள் பதினொன்றுக்கு அவளிடம் கதை சொல்வேன்.

முதல் நாள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நாடகம் சொல்றீங்களா, பஸ் டைம் சொல்றீங்களா என்று கேட்டாள். நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் போல. ஏழு முப்பத்திரண்டுக்கு அவள் வந்தாள், ஏழு முப்பத்தைந்துக்கு அழுதாள் என்று. எந்தப் புடவை, முகம் எப்படி இருந்தது, என்ன சொல்லி அழுதாள் என்று அவள் கேட்கக் கேட்க, போகப் போகத் தேறிவிட்டேன். பக்கத்துக் கட்டில் பாட்டியும் காதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கதையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் உன் அம்மா நான்கு வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்த மகளை அப்பன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறான். அந்தப் பெண் எங்கெங்கோ போய், என்னென்னவோ பட்டு, கடைசியில் மறுபடி அதே வாசலுக்கு வருகிறாள். அப்பன் திறப்பானா மாட்டானா என்பதுதான் கடைசி நாள் கதை. ஒவ்வொரு நாளும் கட்டிலோரம் உட்கார்ந்து இதை என் வாயாலேயே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

முந்தாநாள் புதன்கிழமை கடைசிப் பாகம். வந்து பெட்டியைப் போட்டால் முதல் பத்து நிமிடம் சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது. அப்புறம் நாடகம். அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள். அப்பன் நாற்காலியிலிருந்து எழுகிறான், கண்ணாடியைக் கழற்றுகிறான், தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அத்தோடு திரை நீலமாகிவிட்டது.

என்ன ஆயிற்று என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று மதியம் மின்சாரம் போய் வந்திருந்தது. போனால் அந்தப் பெட்டியில் நேரம் பூஜ்யத்துக்குப் போய்விடும், நாம்தான் கையால் வைக்க வேண்டும். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். நம் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் கூடுதலாக ஓடும் என்பது உனக்குத் தெரியும். ஐந்து மணி டூட்டிக்குப் பிந்தக்கூடாதென்று நானே வைத்தது. இத்தனை வருடமும் மனசுக்குள் பத்தைக் கழித்துக் கழித்துத்தான் நேரம் பார்த்திருக்கிறேன். அன்று ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருந்தது, கழிக்க மறந்துவிட்டேன். டிப்போவில் எனக்கு 'நிமிஷம்' என்றே பட்டப்பெயர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை விழுந்த இடம் அப்படி.

வியாழன் காலை முடிவைத் தெரிந்துகொள்ளத் தெருவில் அலைந்தேன். எதிர்வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்கள். இஸ்திரிக் கடைக்காரர் பார்த்தேன் என்றார். ஆனால் எல்லாரும் அழுதாங்க சார், எதுக்குன்னு கேக்காதீங்க, அதுக்குள்ள நான் தூங்கிட்டேன் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முடிவு தெரியாமலே போய் உட்கார்ந்தேன்.

அம்மா அன்று தலையணையை முதுகுக்கு வைத்துத் தயாராக இருந்தாள். தாழ்ப்பாள் வரைக்கும் சொன்னேன். நிறுத்தினேன். தெறந்தாரா என்று கேட்டாள்.

திறந்தார் என்றேன்.

பொய்தான். ஆனால் ஒரு பொய் சொன்னால் அதற்குக் கை கால் முளைத்துவிடுகிறது. என்ன சொன்னார் என்று கேட்டாள். உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத என்று சொன்னார் என்றேன். அப்புறம்? பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். அப்புறம்? அழுதார். அந்தப் பெண்ணும் அழுதாளா? இல்லை, அவள் அழவில்லை, அம்மா எங்கே என்று கேட்டாள், நேரே சமையலறைக்குப் போய்விட்டாள் என்றேன். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

மதியம் மூன்றரைக்கு டீச்சர் வந்ததும் தன் போனிலேயே அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டினார்கள். இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு இத்தனை நாளும் தெரியாது. நாடகத்து அப்பன் தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நிற்கிறான். யோசிக்கிறான். பழசெல்லாம் வந்து போகிறது. ஒரு வழியாகத் திறக்கிறான். வாசலில் யாரும் இல்லை. வெளிக் கேட் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், முற்றும் போட்டுவிட்டார்கள். டீச்சர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று மாலை அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். கடிகாரம் செய்த கூத்தையும் சொன்னேன். அவள் சிரித்தாள். நேத்துக் காலையிலயே நர்ஸம்மா சொல்லிட்டாங்க என்றாள். நான் வருவதற்கு முன்பே அவளுக்கு முடிவு தெரியும். தெரிந்துகொண்டேதான் என்னை அப்புறம், அப்புறம் என்று கேட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தெறக்கறதுன்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுன்னு ஆறு வருஷமா நெனச்சிட்டு இருந்தேங்க. எல்லாம் தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்க."

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நடைவழியில் போய் நின்றேன்.

இந்த ஆறு வருடத்தில் அவள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. நீ போன மறுநாள் அழைப்பு மணியைக் கழற்றச் சொன்னாள், சத்தம் தலையைக் குடைகிறது என்று. நானும் கழற்றினேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ மூன்று தடவை மணி அடித்தாய். ஜன்னல் வழியாக, போய் உன் புருஷனிடம் பேசித் தீர்த்துவிட்டு அவனோடு வா, தனியாக வராதே என்றேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் மண்டையில் இருந்தது. அந்த நாலு பேரில் ஒருவர்கூட இந்த மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீ அங்கே நின்றது காலை ஏழு ஐந்திலிருந்து ஏழு பதினாறு வரை. கூடத்துக் கடிகாரப்படி. பதினோரு நிமிடம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் கையில் கரண்டியோடு நின்றாள். என்னைத் தாண்டி அவளால் வர முடியவில்லை. நான்தான் விடவில்லை.

அவனுக்கு இரண்டாம் கல்யாணம் ஆனது. அந்தப் பெண்ணும் ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டதாம். கல்யாணத் தரகர்தான் சொன்னார். அவளுடைய அப்பா விஷயம் தெரிந்த அன்றே வண்டி பிடித்துப் போய் மகளைக் கூட்டிவந்துவிட்டாராம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று நினைப்பாய். நடைவழியிலிருந்து திரும்பி வந்து, நம் பெண் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவைக் கேட்டேன். கடிகாரத்துக்குப் பின்னால பாருங்க என்றாள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். நீ எழுதியிருந்த இன்லண்டு கடிதத்தின் விலாசத்தைக் கத்தரித்துப் பின்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். அந்தக் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றுவது எப்போதும் அவள்தான். நான் நேரம் மட்டும் பார்ப்பேன். உன் போன் நம்பரைக் கேட்கவில்லை. என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவாய். கடிதமென்றால் இரண்டு வரியாவது படிப்பாய்.

இது திங்கள் அல்லது செவ்வாய் உன் கைக்கு வந்துவிடும். நீ எந்த ரயிலில் வந்தாலும் ஸ்டேஷனின் பின்வாசல் பக்கம் வந்துவிடு. அங்கே பதினேழாம் நம்பர் பஸ் காலை ஐந்து ஐம்பதுக்கு. ஐந்து ஐம்பத்தெட்டுக்குத்தான் வரும், பதறாதே, அந்த டிரைவர் என் காலத்திலிருந்தே அப்படித்தான். நம் நிறுத்தத்துக்கு ஆறு முப்பது. புதன்கிழமையிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அங்கே நிற்பேன். ஒருவேளை என்னைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போக வேண்டுமென்று தோன்றினால் போ. நேரே வீட்டுக்குப் போ. மணி இல்லை, தட்டவும் வேண்டாம். கதவைத் தாழ் போடாமல்தான் வந்திருப்பேன்.

அம்மாவிடம் நான் உனக்கு எழுதுவதைச் சொல்லவில்லை. ஆனால் முடிவை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பெட்டியை அப்பா வாங்கிக்கொண்டார், அவள் நேரே அம்மாவிடம் போனாள் என்று.

என்னைப் பொய்யனாக்கிவிடாதேம்மா. வந்தாலும் வராவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஆனால் வா.

உன் வழியைப் பார்த்தபடி,
அப்பா