சிவப்புப் புள்ளி வைத்த குழாய்

மரியா த ஃபே
9 ஜூன் 2001

அன்புள்ள தம்பி அதேமாருக்கு,

'அன்புள்ள' என்று கை தானாக எழுதிவிட்டது. இதற்குமேல் அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தில் தேடாதே.

மாதா கோயில் யாத்திரை முடிந்து நேற்று மாலைதான் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எதிர்வீட்டு ஒடிலா பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, உங்க வீட்டு மேல ராக்கெட்டு நிக்குது?" அண்ணாந்து பார்த்தால் ஓட்டின்மேல் ஒரு பீப்பாய், அதற்குக் கீழே சாய்வாக இரண்டு கண்ணாடிப் பெட்டி. உள்ளே போனால் குளியலறையில் வெந்நீர் கொட்டும் என் மின்சார ஷவரைக் காணோம். ஒனோஃப்ரே தன் கையால் மாட்டிய ஷவர். என் புருஷன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவர் விட்டுப்போனதில் இன்னும் உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஒடிலாவிடம் சாவி வாங்கி, சொந்த அக்கா வீட்டில் திருடன் மாதிரி நுழைந்திருக்கிறாய்.

சரி, வந்ததும் வந்தது, குளித்துத்தான் பார்ப்போமே என்று போனேன். நீலப் புள்ளி வைத்து ஒரு குழாய், சிவப்புப் புள்ளி வைத்து ஒரு குழாய். சிவப்பு என்றால் சூடு, அதுகூடத் தெரியாதவள் இல்லை நான். எப்போதும்போல் நூல் கணக்காகத் திறந்துவிட்டு, ரப்பர் செருப்போடு அடியில் நின்றேன். நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். ஐஸ்! பல் தந்தியடித்தது. யாத்திரை போய்வந்த வாயால் அப்போது என்னென்ன சொன்னேன் என்பதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

என் ஷவரைக் கொண்டுவந்து மாட்டு. போனில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். போனில் நீ கத்துவாய், நானும் கத்துவேன். எழுது.

உன் அக்கா,
ஜுரேமா

பெலோ ஒரிசோன்டே
17 ஜூன் 2001

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரி சீமோனி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பேப்பர் பார்க்கிறாயா இல்லையா? அணைகளில் தண்ணீர் இல்லை. வீட்டுக்கு வீடு மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாக வேண்டும், குறைக்காவிட்டால் வந்து இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். உன் வீட்டில் மின்சாரத்தைக் குடிப்பது ஃபிரிஜ்ஜும் இல்லை, டிவியும் இல்லை, அந்த ஷவர்தான். அதோடு, குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று துணியைச் சுற்றித்தானே திறப்பாய்? ஈரத்தில் நின்றுகொண்டு! என்றைக்காவது ஒருநாள் ஒடிலா கதவை உடைத்து உன்னைத் தூக்கவேண்டி வந்திருக்கும்.

உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய். அதனால்தான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் நீ வருவதற்குள் நானும் கிளம்பிவிட்டேன், எனக்கு உன் வாயைத் தெரியாதா? ஷவரைப் பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று, அதை மறந்துவிடு.

பதினைந்து வருஷமாக வெயிலில் தண்ணீர் காய்ச்சும் இந்தப் பீப்பாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. இங்கே எத்தனை மாடிக் கட்டடம் என் வெந்நீரில் குளிக்கிறது தெரியுமா? உங்கள் ஊரிலும் ஏழு வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் சுடுகிற தண்ணீர் உன் வீட்டில் மட்டும் குளிருமா? இருந்தாலும் ஆளை அனுப்புகிறேன். அவனிடமாவது எரிந்து விழாமல் இரு.

தம்பி,
அதேமார்

மரியா த ஃபே
30 ஜூன் 2001

அதேமாருக்கு,

இரும்புக் கடையிலா போட்டாய்? ஒனோஃப்ரேயின் ஷவரை? நீ நன்றாக இருப்பாய். ஆமாம், அது கடிக்கும். கடித்தாலும் சூடாக்கும்.

உன் ஆள் வந்தான். சிவப்புக் குழாயை ஒரே திருகாகத் திருகினான், கொஞ்ச நேரத்தில் ஆவி பறந்தது. ஒரு வெப்பமானியை நீட்டிப் பார்த்துவிட்டு, "யம்மா, முட்டையே வேகும்போல இருக்கே!" என்றான். நான் சுட்டு வைத்திருந்த சீஸ் உருண்டையில் பாதித் தட்டைக் காலி செய்தான், காப்பி குடித்தான், 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் நான் போய் நின்றால் மறுபடியும் ஐஸ். பேப்பர் பார்க்கிறாயா என்று கேட்டாயே, பார்க்கிறேன், சிக்கனமாகத்தான் விட்டேன், சொட்டுச் சொட்டாக. சொட்டுகிற தண்ணீரைச் சூடாக்கக்கூட உன் பீப்பாய்க்கு வக்கில்லை. ஆம்பிளை வந்தால் சூடு, கிழவி வந்தால் குளிர் என்று எங்கே கற்றுக்கொண்டது அந்தக் கழுதை? உன்னிடமா?

இது குளிர்காலம், தோட்டத்தில் விடிந்தால் உறைபனி. விறகடுப்பில் பானை வைத்து, காய்ச்சி, இடுப்பில் சுமந்து போய், தொட்டியில் உட்கார்ந்து குளிக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும், "ஜுரேமாக்கா, தம்பி வெச்ச வெந்நீர் எப்படி?" என்று கேட்டார்கள். மாதா சிலைக்கு எதிரில் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஜுரேமா

பெலோ ஒரிசோன்டே
10 ஜூலை 2001

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேனே, உன் கையால் கிடைத்த மரியாதையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

உன் கண்ணெதிரில்தான் குழாயைத் திறந்தேன். கை வெந்தது. நீ வாசலில் நின்றுகொண்டு ஒடிலாவிடம், "பாரு, பாரு, நடிக்கிறான்" என்கிறாய். சரி, நீயே வந்து திறந்து காட்டு என்றால், "ஓகோ, உன் முன்னாடி நின்னு குளிச்சுக் காட்டணுமா? வெளிய போடா!" என்று முகத்தில் கதவைச் சாத்துகிறாய். தெருவே வேடிக்கை பார்த்தது. நீ கோயில் வாசலில் அள்ளிவிட்ட புண்ணியத்தில் ஏழு வீட்டில் ஐந்து வீடு வேண்டாம் என்றுவிட்டது. அக்காவே வேண்டாம் என்கிற சரக்கை ஊரான் வாங்குவானா? கண்ணாடியும் பீப்பாயுமாக எல்லாம் என் கிடங்கில் தூங்குகிறது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய்.

ஒன்று, ஷவரைத் தூக்கிப்போட்ட ஆத்திரத்தில் வேண்டுமென்றே பொய் சொல்கிறாய். இல்லையென்றால், இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, உனக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு என்னை ஒனோஃப்ரே என்று கூப்பிட்டாய். அடுப்பில் பானையை வைத்துவிட்டு மறந்தே போனாய். சுடுகிற தண்ணீரைக் குளிர்கிறது என்கிறாய். ஒரு டாக்டரிடம் காட்டினால் தேவலை என்று சீமோனியும் சொல்கிறாள்.

அதேமார்

மரியா த ஃபே
15 ஜூலை 2001

அதேமார்,

உன்னை ஒனோஃப்ரே என்று கூப்பிட்டதற்கு அவரிடம்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பானையை ஏன் மறந்தேன்? நீ கூடத்தில் நின்று காட்டுக்கத்தல் கத்தினாய், அதனால் மறந்தேன். எனக்குப் பைத்தியம் என்றால் உருளைக்கிழங்கு மூட்டைக்காரன் எடையில் ஏமாற்றியதை எப்படிக் கண்டுபிடித்தேன்? ஜெபமாலையில் ஒரு மணி தவறியதுண்டா? டாக்டரிடம் காட்டவேண்டும் என்கிற உன் பெண்டாட்டி, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருப்பாளா?

குளிர்கிறது என்று நான் சொன்னால் குளிர்கிறது. என் உடம்பு அது. அதில் என்ன படுகிறது என்று உன் வெப்பமானியைக் கேட்டா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜுரேமா

பெலோ ஒரிசோன்டே
25 ஜூலை 2001

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இனிமேல் சண்டை வேண்டாம். முடிவாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 11, சனிக்கிழமை காலை, ஒரு டாக்டரை அழைத்துக்கொண்டு வருகிறேன். உங்களோடு உட்கார்ந்து பேசிப் பார்ப்பார். தனியாக இருக்க முடியாத நிலை என்று அவர் எழுதிக் கொடுத்தால், உங்கள் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடுவேன். வக்கீலிடம் பேசியாகிவிட்டது. இங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே முதியோர் இல்லத்தில் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறேன். சுத்தமான இடம். அப்பா விட்டுப்போன அந்த வீட்டில் எனக்கும் பாதி உண்டு என்பதால் பூட்டுவதா, விற்பதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நன்மைக்காகத்தான். துணிமணிகளை எடுத்து வையுங்கள்.

அதேமார்

மரியா த ஃபே
5 ஆகஸ்ட் 2001

அதேமார்,

பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்டவன் 'நீங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தண்ணீர் தெளித்துவிட்டாய்.

பயந்தேன். ஏன் மறைக்க வேண்டும்? ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அந்த அறையில் ஜன்னல் இருக்குமா, யாரோடு படுக்கவேண்டும் என்றெல்லாம் நினைத்து நினைத்துச் செத்தேன். நேற்று மத்தியானம் பயம் போய் ஆத்திரம் வந்தது. என்னை இந்த வீட்டைவிட்டுத் துரத்தப்போவது அந்தப் பீப்பாய்தானே, அதில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கக்கூடாது என்று குளியலறைக்குள் போனேன். சிவப்புக் குழாயை அது எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திருகினேன். போகட்டும், உன் சூரியன் சாக்கடையில் போகட்டும் என்று முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கால் சுட்டது. கண்ணாடியில் ஆவி படிந்தது.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? அதேமார் சொன்னது சரிதான், எனக்குப் புத்தி பேதலித்துத்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன். பிறகு குழாயைக் குறைத்தேன், எப்போதும் திறக்கிற அளவுக்கு. மெல்ல மெல்ல ஆறி, ஐஸ் ஆனது. முழுக்கத் திறந்தேன், சுட்டது. மறுபடி குறைத்தேன், ஆறியது. இந்த நாட்டில் மின்சார ஷவரில் குளித்த எவளைக் கேட்டாலும் சொல்வாள், தண்ணீரைக் குறைத்தால்தான் சூடு ஏறும். முப்பது வருஷம் அப்படிக் குளித்த கை எப்படித் திறக்கும்? உன் பீப்பாயோ அடுப்படிக்கு மேலே இருக்கிறது, குளியலறை கொல்லைக் கோடியில் இருக்கிறது. நூலாக விட்டால் அவ்வளவு நீளக் குழாயில் வருவதற்குள் வழியிலேயே ஆறிவிடுகிறது. அவ்வளவுதான் என் பைத்தியம்.

குளித்தேன். தோல் சிவக்கிறவரைக்கும் குளித்தேன், அழுதுகொண்டே. ஈரத்தலையோடு ஒடிலா வீட்டுக்கு ஓடினேன். வேண்டாம் என்று சொல்லாத இரண்டு வீட்டில் அவள் வீடும் ஒன்று, அங்கே நீ மாட்டியது ஓடுகிறதே, அவளுக்கு எப்படிச் சுடுகிறது என்று கேட்டேன்.

"ஏன்க்கா, ஒங்க தம்பிதான் அன்னிக்கே இங்க வந்து நின்னு சொன்னாரே! 'மேடம், இது பழைய ஷவர் மாதிரி இல்ல. மொதல்ல முழுசாத் தொறங்க, பைப்புல நிக்கிற பச்சத்தண்ணி போகட்டும், அப்புறம் வேணும்னா கொறச்சுக்கங்க'ன்னாரு. என்னையே தொறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் போனாரு. ஒங்களுக்குச் சொல்லலையா?"

அன்னிக்கே என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை. என்னோடு சண்டை போட்டுவிட்டு, அதே சூட்டோடு தெருவைத் தாண்டிப் போய், அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். உனக்குத் தெரியாத விஷயம் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன். வீடு வீடாகச் சொல்கிற பாடத்தை எனக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஆளை அனுப்பினாய், வெப்பமானியை அனுப்பினாய், டாக்டரை அனுப்பப்போகிறாய். எப்படித் திறக்கிறாய் அக்கா என்று கேட்க மட்டும் உனக்கு நேரமில்லை.

என் முதல் கடிதம் இருந்தால் எடுத்துப் பார். எப்படித் திறந்தேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். உன் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாளே, அதே கடிதம்.

ஜுரேமா

பெலோ ஒரிசோன்டே
9 ஆகஸ்ட் 2001

அக்கா,

எடுத்துப் பார்த்தேன். 'நூல் கணக்காக' என்று எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் 'சொட்டுச் சொட்டாக' என்றும் எழுதியிருக்கிறாய். வேறு யார் எழுதியிருந்தாலும் முதல் வரியிலேயே பிடித்திருப்பேன். நீ எழுதியதை நான் படிக்கவே இல்லை, திட்டு என்று தள்ளிவிட்டேன். ஊராருக்குச் சொல்கிறோம், அக்காவுக்கு என்ன தனியாகச் சொல்வது, அக்காதானே, என்று இருந்துவிட்டேன்.

டாக்டரை வரவேண்டாம் என்றுவிட்டேன். இல்லத்திலும் சொல்லிவிட்டேன். வக்கீல், மனு, ஒன்றும் கிடையாது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடு அக்கா. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

உன் தம்பி,
அதேமார்

மரியா த ஃபே
19 ஆகஸ்ட் 2001

மதிப்பிற்குரிய திரு. அதேமார் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தாங்கள் வந்து கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். குளித்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்று சொன்ன ஐந்து வீட்டுக்கும் நானே நேரில் போய், என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரி செய்துவிட்டேன். சிவப்புக் குழாயை முழுக்கத் திறக்கவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஐந்து பேரும் வாங்கிக்கொள்வார்கள், ஆளை அனுப்புங்கள். பீப்பாய் அருமையாக வேலை செய்கிறது. மாதா சிலைக்கு எதிரில் நின்றும் அதையே சொன்னேன்.

என் வீட்டில் ஏதாவது பழுது என்றால் கடிதம் எழுதுவேன். அப்போது வாருங்கள். ஒடிலா வீட்டுக்குப் போவதுபோல் வாருங்கள். கதவைத் தட்டி, கூப்பிட்டால் உள்ளே வந்து, என்ன குறை என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கிறவரை நில்லுங்கள். மற்றபடி வரவேண்டியதில்லை. அக்காவாக இருந்து பார்த்தாயிற்று, எனக்குப் போதும்.

இப்படிக்கு,
திருமதி ஜுரேமா
தங்கள் வாடிக்கையாளர்