நான் சொல்லாத நன்றி

மருதந்துறை,
படுவான்கரை,
மட்டக்களப்பு.
07.06.2026

அன்புள்ள தங்கை கம்சாயினிக்கு,

அக்கா தவமலர் எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ கொழும்பிலிருந்து எடுத்த பதினொரு அழைப்பையும் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் இனி என் குரல் உனக்கு வராது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். வாசித்து முடிக்கும்வரை தாளை மடித்து வைக்காதே.

பங்குனியில் நீ வேலை செய்கிற விளம்பரக் கம்பனி ஆட்களோடு கமெரா கொண்டுவந்தாய். எங்கள் ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட் கட்டித்தந்த நாட்டின் தூதரகத்துக்கு ஒரு வீடியோ, அந்தப் பிளான்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருப்பாய். பிளான்ட் ஏழு கிழமை நல்ல தண்ணீர் தந்தது, பிறகு பழுதாகி ஐப்பசியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது, பெண்கள் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவருகிறோம் என்றேன். இவ்வளவுதான். நீ சிரித்துக்கொண்டு, “நல்லா வந்திருக்கு அக்கா” என்றாய்.

மூன்று கிழமைக்கு முன் வீடியோ வெளிவந்தது. அத்தான் துறையில் வலை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்று அவர் தொழிலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து போனை என் முன்னால் வைத்தார்.

நீலச் சேலையோடு நான் நிற்கிறேன். அந்த நாடு எங்களுக்குத் தாய்வீடு மாதிரி என்கிறேன். தண்ணீர் வந்தபின் எங்கள் பிள்ளைகளுக்கு நோய் வருத்தமே இல்லை என்கிறேன். கடைசியில், அவர்கள் எங்கள் வாவியில் அமைக்கப்போகும் இறால் பண்ணையை இருகரம் கூப்பி வரவேற்கிறோம் என்கிறேன். தமிழில் மட்டுமா? சிங்களத்தில், இங்கிலீசில், அந்த நாட்டுப் பாஷையில், எல்லாவற்றிலும் என் வாய் அதற்கேற்ப அசைகிறது. பஸ்ஸில் சிங்களத்தில் ஒரு டிக்கட் கேட்கத் தெரியாதவள் நான்.

கம்சி, அந்தப் பண்ணை வேண்டாம் என்று வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவளும் நான்தான். அது வந்தால் கரையை அடைத்து வேலி போடுவார்கள், எங்கள் தோணிகள் இறங்க இடமிருக்காது என்று ஒவ்வொரு படலையிலும் நின்று சொன்னது இதே வாய்.

ஊரில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். தண்ணீர் எடுக்கப் போனால் வாளிகளை ஒதுக்கி வழி விட்டார்கள், ஏதோ அதிகாரி வந்ததுபோல. மீனவர் சங்கத் தலைவர் கோணாமலை அண்ணன் வீட்டுக்கு வந்து அந்தக் கையெழுத்து மகஜரைத் தரச்சொல்லிக் கேட்டார். “கொஞ்ச நாளைக்கு வெளியில நில்லு புள்ள, மறுகா பாப்பம்” என்றார். அத்தானோடு ஒன்பது வருடம் ஒரே தோணியில் வலை இழுத்த சதீசன் வேறு தோணிக்குப் போய்விட்டான். தனி ஆளாக அந்த வலையைப் போடமுடியாது. அத்தான் இப்போது வரால் தூண்டிலோடு குளத்துப் பக்கம் திரிகிறார்.

அது நானில்லை என்றேன். “உன்ட குரல்தானேகா” என்றார்கள். குரல் என்னுடையதுதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கமெராவுக்கு முன்னால் நான் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நிற்கிறவள் மாதிரி விறைத்துப்போய்ப் பேசினேன், உனக்கும் தெரியும். வீடியோவில் இருப்பது அந்தக் குரல் அல்ல. சமையல் செய்துகொண்டு, மூச்சு வாங்கி, சொல்லை இழுத்து இழுத்து உனக்கு மட்டும் பேசுகிற குரல். நாலு வருடமாக வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பிய குரல். பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பை எடுத்த செய்தியை அத்தானுக்கும் முன்னால் உனக்குச் சொன்ன குரல். அதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் போட்டா இறால் பண்ணைக்கு வரவேற்புரை செய்தீர்கள்?

அப்போதும் நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. கம்பனிக்காரன் உன் போனில் திருடியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

போன கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் நட்புறவு விழா என்று வைத்தார்கள். தூதரகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள், உன் வயதுதான் இருக்கும். அவளுக்கு மாலை போட என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், வீடியோவில் வந்தவள் என்று. காத்தான்குடியிலிருந்து வந்து எங்களுக்கு இங்கிலீசு படிப்பித்த ஜெமீலா ரீச்சரையும் துணைக்கு வரச்சொன்னேன். மாலையைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். நான் சொல்லாததை என் வாயில் வைத்தது யார் என்று கேட்டேன். பிளான்ட் பூட்டிக் கிடப்பதைச் சொன்னேன். எங்கள் வாவியில் பண்ணை வேண்டாம் என்றேன். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் எழும்பி இங்கிலீசில் ஏதோ சொன்னார். அந்த அதிகாரிப் பெண் சிரித்துத் தலையாட்டினாள். ஜெமீலா ரீச்சர் கதிரையை விட்டு எழும்பி, “அவ நன்றி சொல்லல்ல சேர், நீங்க பிழையாச் சொல்றீங்க” என்று முதலில் தமிழில் அவருக்குச் சொன்னா. பிறகு நான் பேசியதை ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னா.

அடுத்த நாள் காலை அந்தப் பெண் ஓட்டோவில் தனியாக வந்தாள். ரீச்சர்தான் எங்களுக்கு நடுவில் இருந்து பேசினா. பிளான்ட்டின் பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்தாள். பேச்சை எழுதியது தாங்கள்தான், ஆனால் நான் சம்மதித்துக் குரல் கொடுத்ததாகக் கம்பனி சொன்னது என்றாள். நீங்கள் உண்மையில் என்ன சொல்ல விரும்பியிருப்பீர்கள் என்று கேட்டாள்.

சொன்னேன். முந்தின வருட வெள்ளத்தில் எங்களை முதலில் தேடி வந்த படகு அவர்களுடைய டாக்குத்தர்மாருடையது. முழங்கால் சேற்றில் நின்று இரண்டு நாள் மருந்து கட்டினார்கள். ஒருவரும் படம் எடுக்கவில்லை. அதை யாராவது கேட்டிருந்தால் நான் சாகும்வரை சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லையே.

எங்கள் பாதையில் பார், பாலத்துக்கு ஒரு நாட்டுக் கொடி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொடி, மலசலகூடத்துக்கும் ஒரு கொடி. எல்லா நாட்டுக்கும் எங்கள் அன்பு வேண்டும். முன்பு அதற்காக ஏதாவது செய்தார்கள். இனி நாங்கள் விரும்பத் தேவையில்லை, விரும்புவதாக எங்கள் முகம் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது. ரீச்சர் அதைக் கேட்டுவிட்டு, “இனி ஒராள் மெய்யா நன்றி சொன்னாலும் ஆரு நம்பப்போறாங்க” என்றா.

போகுமுன், குடும்பத்தின் சம்மதக் கடிதம் இருக்கிறது என்று போனில் காட்டினாள். என் பெயருக்குக் கீழே, “சார்பாக: சகோதரி”. உன் கையெழுத்து. அந்த ‘க’வின் சுழியை உனக்கு சிலேட்டில் எழுதிக் காட்டியவள் நான்.

வேலையை நிரந்தரமாக்குவோம் என்றார்களா? பயமுறுத்தினார்களா? என் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்தாயா? இந்த மூன்றாவதுதான் காரணம் என்றால், அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

வீடியோவைத் தூதரகம் நீக்கிவிட்டது. ஆனால் முன்பே எடுத்து வைத்தவர்களிடமிருந்து வாங்கியவர்கள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் வந்து பிளான்ட்டை அளந்துகொண்டு போனார்கள், தண்ணீர் வரவில்லை. கோணாமலை அண்ணன் மகஜரைத் திரும்பக் கொண்டுவந்து தந்து, முதல் பெயராக என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். சதீசன் மட்டும் இன்னும் முகம் பார்ப்பதில்லை.

அந்தக் கையெழுத்தைப் பார்த்தது நானும் ரீச்சரும்தான். ரீச்சர் வாய் திறக்கமாட்டா. அத்தானிடம் நான் சொல்லவில்லை. கம்பனி செய்தது என்றுதான் சொன்னேன். பதினேழு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பொய்.

இதை நான் ஊருக்குச் சொல்லப்போவதில்லை. நீதான் வந்து சொல்லவேண்டும், உன் வாயால். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. இன்னும் இல்லை. ஆனி முடிவதற்குள் வா. பஸ்ஸால் இறங்கித் துறைப் பக்கமாக வராதே, ஆட்கள் இருப்பார்கள், தனியாக உன்னைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவார்கள். வயல் வட்டைப் பாதையால் வா. வரும் நாளை மட்டும் எழுது. வரம்பில் நான் வந்து நிற்கிறேன். முதலில் வீட்டுக்கு வந்து சாப்பிடு. பிறகு இரண்டு பேருமாகத் துறைக்குப் போவோம்.

இப்படிக்கு,
உன் அக்கா
தவமலர்