ஏடு உடைந்த பீப்பாய்

ஆர்புவா,
பிப்ரவரி 24, 1957

அன்புள்ள ரெமிக்கு,

தெனீஸ் எழுதுவது. இங்கே நானும் ஒதீலும் உன் அம்மாவும் நலம். அல்ஜீரியாவில் நீயும் நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூன்று வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஒதீலுக்கு மேல் பல் இரண்டு முளைக்கின்றன. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். நான் அரை மணிக்கொரு முறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் எழுதாததற்கு அது காரணமில்லை.

உன் பீப்பாயை நான் கெடுத்துவிட்டேன்.

படைக்குப் போகுமுன் உன் கையால் நிரப்பி மூடினாயே, உன் முதல் பீப்பாய், அதைத்தான் சொல்கிறேன். அத்தைக்குக் கணுக்கால் பிசகியதால் நிலவறைச் சாவி முதல் தடவையாக என்னிடம் வந்தது. சமையலுக்கு ஒயின் எடுக்கப் போனவள் உன் பீப்பாயைத் தட்டிப் பார்த்தேன், மேலே வெற்றோசை. அடைப்பைக் கழற்றிக் குச்சியை விட்டால் நான்கு விரற்கடை குறைந்திருந்தது. மெர்சோவில் எங்கள் வீட்டில் ஒரு விரல் குறைந்தாலே அப்பா கத்துவார். காற்றுப் பட்டால் வெள்ளை ஒயின் புளித்துப் போகும் என்று வாரம் தவறாமல் நிரப்பச் சொல்வார். சிறுவயதிலிருந்து அது என் வேலை. புது ஒயினை விளிம்பு வரை ஊற்றி அடைப்பை இறுக அடித்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் பெருமையாக வேறு சொன்னேன்.

அத்தை முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஏடு கட்டியிருந்துச்சேம்மா, பாக்கலியா?" என்றார். பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். பால்மேல் ஆடை மாதிரி அந்த ஏடு படிந்து, ஆறு வருடம் யாரும் தொடாமல் கிடந்தால்தான் உங்கள் மஞ்சள் ஒயின் என்பது எனக்குத் தெரியாததல்ல. நம் கல்யாண விருந்திலேயே குடித்தேன். தெரிந்த விஷயம் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அத்தை காலை இழுத்துக்கொண்டே இறங்கி, ஊற்றிய அளவை வெளியே எடுத்தார். கோபத்திலும் எதையும் வீணாக்க மாட்டார். அன்றே ஒரு சேவலை அடித்து, காய்ந்த காளானும் க்ரீமும் சேர்த்து அந்த ஒயினில் வேகவைத்தார். வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஒனோரே வந்துவிட்டார், கோம்தே பாலாடைக்கட்டியும் ஒரு கை வால்நட்டுமாக. விஷயத்தைக் கேட்டதும், "கைக்குழந்தைக்காரியில்ல! பீப்பாயும் பசிச்சு அழுவுதுன்னு நெனச்சிட்டா போல" என்றார். "வாய மூடிட்டுச் சாப்பிடுங்க. மெர்சோக்காரியக் கட்டிக்கிட்டது எம் புள்ள, ஒங்களுக்கென்ன வலிக்குது?" என்றார் அத்தை. என்னைப் பார்க்காமலே தொடைக்கறியை என் தட்டில் வைத்தார்.

வசந்தத்தில் ஏடு மறுபடி கட்டலாம். கட்டாமல் புளித்தும் போகலாம். பாதிக்குப் பாதி என்கிறார் ஒனோரே. கட்டினால் ஆறு வருடத்தை அன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"அவனுக்கு எழுதாத. அங்க அவனுக்கு நெனச்சுக்க இருக்கறது அந்தப் பீப்பா ஒண்ணுதான்" என்று அத்தை சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். பீப்பாய் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. வேறொருவர் கையெழுத்து. விரல் சுளுக்கு, அதனால் நண்பனை எழுதச் சொன்னேன் என்று இருந்தது. அத்தை நம்பினார், அல்லது நம்பியதாக என்னிடம் சொன்னார். நான் பத்துத் தடவை படித்தேன். பீப்பாய் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிய வரியைப் போலவே இருந்தது அது.

அதனால்தான் அத்தை சொல்லை மீறி உள்ளதை எழுதிவிட்டேன். திட்ட வேண்டுமானால் திட்டு. ஆனால் நீயே எழுதித் திட்டு. இடது கையானாலும் சரி, இரண்டு வரி போதும். கல்யாணத்துக்கு முன் நாற்பது பிள்ளைகளின் கோணல் எழுத்தைத் தினமும் திருத்தியவள் நான், படித்துக்கொள்வேன். எழுதவே முடியாதென்றால், முடியாது என்று அந்த நண்பரை எழுதச் சொல்.

கடவுள் உன்னை முழுதாக எங்களிடம் அனுப்பட்டும் என்று முடிக்கத்தான் நினைத்தேன். அனுப்பினால் போதும்.

உன்,
தெனீஸ்