கூட்டம் இல்லாத பண்டிகை

ஆகஸ்ட் 22, வெள்ளி
காலையிலேர்ந்து தூறல். துணி காயலை. வரலட்சுமி பூஜை. எதிர் குவார்ட்டர்ஸ் தெலுங்கு அம்மா வீட்டுல தாம்பூலம். என் வாசலைத் தாண்டும்போது மட்டும் எல்லாருக்கும் பேச்சு நின்னுபோச்சு.

அவர் போய் ஆறு மாசம். வருஷம் திரும்புற வரைக்கும் இந்த வீட்டுல பண்டிகை கிடையாது.

இது அவர் டைரி. ஃபேக்டரில கொடுத்தது. பிப்ரவரி பத்தோட அவர் கையெழுத்து நிக்குது. முன்பக்கம் லீவு லிஸ்ட். கீழே, இஷ்டத்துக்கு எடுத்துக்கிற லீவு, அதுல ரெண்டுதான் எடுக்கலாம். ரெண்டு டிக். ஒண்ணு பொங்கலுக்கு மறுநாள், அது முடிஞ்சுது. இன்னொண்ணு பார்சி புது வருஷம், 26.

23, சனி
எங்களுக்கு ஒரு பார்சியையும் தெரியாது. கல்யாணமான புதுசுல கேட்டேன், ஏன் இந்த நாள்னு. "தீபாவளிக்குப் போனா டேங்க் பண்ட் ஏரிக்கரைல நிக்க இடம் கிடையாது சரோஜா. இது யாரும் எடுக்காத லீவு. கூட்டமே இருக்காது." பதினாலு வருஷம் போனோம். மிளகா பஜ்ஜி, தண்ணி, பேச்சு கொஞ்சம்தான். ஃபேக்டரில கூட வேலை செய்றவங்க அவருக்கு வச்ச பேரே பார்சி பாவா.

பெரிய நாத்தனார், அவர் அக்கா, காரியத்துக்கு வந்து என்கூடவே தங்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமை போகட்டுமான்னு கேட்டேன்.
"வருஷம் திரும்பலை, பண்டிகை கொண்டாடக் கிளம்புறியா?"
பால் பொங்கி வழிஞ்சுது.

25, திங்கள்
சீயக்காய். சொட்டு நீலம். குடைக்கம்பி சரிபண்ணணும்.
கனவு: தண்ணி மேல அவர் சட்டை. நனையாம, மெதுவா நகருது.

பக்கத்து வீட்டு ரஜியா ஆப்பா வந்தாங்க, ரம்ஜானுக்குப் பாயசம் கொடுத்த தூக்கை வாங்கிப்போக. நாத்தனார் எதிர்லயே, நாளைக்கு டேங்க் பண்ட் போகக்கூடாதாம்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஆப்பா சிரிச்சாங்க.
"காய்கு? ஏன் போகக்கூடாது? அது உங்க பண்டிகை இல்லை, எங்களுதும் இல்லை. உங்க துக்கம் அதை எப்படிப் பிடிக்கும்?"
நாத்தனார் புடைச்ச அரிசியையே மறுபடி புடைச்சாங்க.

26, செவ்வாய்
வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எழுந்தா, கதவுல குடை தொங்குது. கம்பி நூல்ல கட்டியிருக்கு. நான் கட்டலை.

பஸ்ல ஜன்னல் சீட். பாலாநகர் தாண்டுறப்ப ஃபேக்டரி சங்கு. ஏரிக்கரைல நாங்க உக்கார்ற அதே பெஞ்சு. தண்ணி சாம்பல் நிறம். காத்துல முந்தானை பக்கத்து இடத்துல போய் விழுந்துக்கிட்டே இருந்துது. இழுத்துக்கலை. எவ்வளவு நேரம்னு தெரியலை.

வந்து கால் கழுவினேன். நாத்தனார் அடுப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க: "எப்படி இருந்துச்சு, என் தம்பி பண்டிகை?"
"கூட்டமே இல்லை அண்ணி."